ஆய்வாளரின் மதிப்பை எதைக் கொண்டு அளப்பது?

(நமது சங்கத்தின் பொன்விழா ஆண்டுக் கல்வி விருது நிகழ்ச்சியில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுத்தில் தந்திருக்கிறேன்.)





கல்வி நிகழ்ச்சிக்கு ஒரு பேராசிரியரை அழைத்திருக்கலாம். செயலாளர் என்னை அழைத்தார். நான் மளிகைப் பொருள் மொத்த வியாபாரி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா வாங்கியதோடு என் படிப்பு நின்றது. வாப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் கடைக்கு வந்துவிட்டேன். "எனக்கு என்ன தெரியும் என்று பேசுவது?" என்று செயலாளரிடம் கேட்டேன். "உங்க தங்கச்சி பிஎச்டி முடிச்சாங்களே, அந்தக் கதையைச் சொல்லுங்க. அதுல நீங்க பண்ணின தப்பையும் சேர்த்துச் சொல்லுங்க. இங்கே பல பேருக்கு உதவும்" என்றார். ஆகவே, தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் தங்கை கழிவுநீரைச் சுத்தம் செய்யும் சவ்வுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தவள். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில், தெரிந்தவர் ஒருவர் கைபேசியை என் முன் நீட்டினார். அதில் தங்கையின் பெயர் இருந்தது. அதற்கு எதிரே ஒரு எண்: 2. "என் மச்சான் மகனுக்கு 11. உங்க தங்கச்சிக்கு 2 தானா?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் பிரியாணி எனக்கு இறங்கவில்லை. அது என்ன எண் என்றுகூட எனக்குத் தெரியாது. குறைவு என்பது மட்டும் புரிந்தது. வியாபாரிக்கு எண் குறைந்தால் மனம் பொறுக்காது அல்லவா?

அந்த எண் என்ன என்பதை முதலில் பார்ப்போம்.

நம் கடைக்குப் புதிதாக ஒருவர் வந்து 50 மூட்டை வேண்டும், கடனுக்குத் தாருங்கள் என்கிறார். நாம் என்ன கேட்போம்? "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்போம். "இன்னார் சொன்னார்" என்பார். யாருடைய பெயரைச் சொல்லிப் பல பேர் வருகிறார்களோ, அவருக்குச் சந்தையில் மதிப்பு உண்டு என்று அர்த்தம். ஆய்வுலகிலும் இதுதான் நடக்கிறது. ஒருவர் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது, "இந்த முறையை இன்னாரிடமிருந்து எடுத்தேன், இந்தத் தகவலை இன்னார் முன்பே கண்டறிந்தார்" என்று கடைசிப் பக்கத்தில் பட்டியல் கொடுக்கிறார். அப்படி ஒருவருடைய கட்டுரையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதுதான் மேற்கோள்.

இதை எண்ணிக் கணக்கு வைக்கலாம் என்று 1955-ல் எழுதியவர் அமெரிக்காவைச் சேர்ந்த யூஜின் கார்ஃபீல்டு. அவருக்கு முன்மாதிரியாக இருந்தது வழக்கறிஞர்களின் புத்தகம். ஒரு பழைய தீர்ப்பைப் பிற்காலத்து நீதிமன்றங்கள் எங்கெங்கே எடுத்துக்காட்டின, அது இன்னும் செல்லுமா என்று பார்ப்பதற்கு 1873 முதலே அங்கே ஒரு அட்டவணை இருந்தது. அதே ஏற்பாட்டை அவர் அறிவியல் கட்டுரைகளுக்குக் கொண்டுவந்தார். 1964-ல் அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவந்தது. இன்று வெப் ஆஃப் சயன்ஸ், ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர் என்று பல தளங்கள் இந்த வேலையைச் செய்கின்றன.

என் தங்கையின் பெயருக்கு எதிரே இருந்த எண்ணுக்கு எச் இண்டெக்ஸ் என்று பெயர். கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-ல் இதை முன்வைத்தார். கணக்கு எளிதானது. ஒருவர் 8 கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அவை பெற்ற மேற்கோள்கள் 25, 14, 9, 6, 5, 3, 1, 0 என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 5 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 5 இருக்கின்றன. குறைந்தது 6 பெற்றவை 6 இல்லை. ஆகவே அவருடைய எச் இண்டெக்ஸ் 5. நம் மொழியில் சொன்னால், ஐந்து தடவையாவது திரும்பி வந்த வாடிக்கையாளர் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஒரே ஒரு பெரிய ஆர்டரை வைத்துக்கொண்டு பெருமை பேச முடியாது. யாரும் வாங்காத சரக்கைக் கடை நிறைய அடுக்கியும் பயனில்லை. கெட்டிக்காரத்தனமான கணக்குதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த எண் வயதோடு ஏறுமே தவிர இறங்காது. நேற்றுக் கடை திறந்தவனையும் 30 வருடமாகக் கடை வைத்திருப்பவரையும் ஒரே தராசில் வைக்கிறது. அன்று என் தங்கை இரண்டாம் ஆண்டு மாணவி. அந்த மச்சான் மகனோ ஒன்பது ஆண்டுகளாக ஆய்வில் இருப்பவர். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

துறைக்குத் துறையும் வித்தியாசம் உண்டு. மருத்துவத்திலும் உயிரியலிலும் ஏராளமானோர் எழுதுகிறார்கள், மேற்கோள்களும் குவிகின்றன. கணிதத்தில் ஆட்களும் குறைவு, கட்டுரைகளின் பட்டியலும் சிறியது. தமிழ் இலக்கியத்தில் ஆய்வு செய்பவர் பெரும்பாலும் நூலாக எழுதுவார். தமிழ் நூல்களில் மிகப் பெரும்பகுதி இந்தத் தளங்களின் கணக்கிலேயே வராது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு பேராசிரியரின் எண், ஆய்வகத்தில் சேர்ந்து மூன்று வருடம் ஆன இளைஞரின் எண்ணைவிடக் குறைவாக இருக்கலாம். அரிசியை லிட்டரில் அளந்து, எண்ணெயை முழத்தில் அளந்தால் இப்படித்தான் வரும்.

மேற்கோள் அதிகம் என்றால் கண்டுபிடிப்பு பெரிது என்றும் சொல்ல முடியாது. உலகத்திலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது தெரியுமா? ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொல்லி 1951-ல் லௌரி என்பவரும் கூட்டாளிகளும் எழுதியது. 300,000 தடவைக்கு மேல் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். எல்லா ஆய்வகத்துக்கும் அந்த அளவுகோல் தேவைப்பட்டது, அவ்வளவுதான். மறுபக்கம் கிரிகோர் மெண்டல். பட்டாணிச் செடிகளை வளர்த்து, குணங்கள் தலைமுறைக்குத் தலைமுறை எப்படிப் போகின்றன என்று கண்டறிந்து 1866-ல் வெளியிட்டார். ஏறத்தாழ யாருமே கவனிக்கவில்லை. 1884-ல் அவர் இறந்தார். 1900-ல்தான் மற்றவர்கள் அதை மீண்டும் கண்டெடுத்தார்கள். மரபணு அறிவியலின் அஸ்திவாரமே அந்தக் கட்டுரைதான்.

மேற்கோள் என்றாலே பாராட்டு என்பதும் இல்லை. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பது போலக் காட்டிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றை, அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தக் கட்டுரைக்கும் ஏராளமான மேற்கோள்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை அது தவறு என்று சொல்வதற்காக வந்தவை. எண்ணுகிற இயந்திரத்துக்கு அது தெரியாது.

நம் மார்க்க அறிஞர்களுக்கு இது புரிந்த விஷயம். ஒரு ஹதீஸை யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசையை அவர்கள் எழுதி வைத்தார்கள். எத்தனை பேர் சொன்னார்கள் என்பதோடு நிறுத்தவில்லை. சொன்னவர் நேர்மையானவரா, நினைவாற்றல் உள்ளவரா, கேட்டதாகச் சொல்பவரை உண்மையில் சந்தித்திருக்க முடியுமா என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். அந்தத் துறை வேறு, இது வேறு. ஆனாலும் பெயர்களை எண்ணுவதோடு வேலை முடிவதில்லை என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

இதழ்களுக்கும் ஒரு எண் உண்டு. இம்பாக்ட் ஃபேக்டர் என்பார்கள். முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஒரு இதழில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு எத்தனை மேற்கோள் கிடைத்தன என்று பார்த்து, அதைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். அது சராசரிதான். சிராங்கூன் சாலைக் கடைகளின் சராசரி வருமானத்தைச் சொல்லி என் கடையின் லாபத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? ஒரு ஆய்வாளரை எடைபோட இதழின் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய அறிஞர்களும் பதிப்பாசிரியர்களும் ஒரு அறிக்கையே தயாரித்தார்கள்.

எண்ணுக்குப் பரிசு வைத்தால் என்ன ஆகும் என்பதை என் கடையிலேயே பார்த்தேன். பில் ஒன்றுக்கு இவ்வளவு என்று கடைப் பையனுக்குக் கமிஷன் வைத்தேன். அடுத்த மாதம் பில் எண்ணிக்கை இரண்டு மடங்கானது. வியாபாரம் கூடவில்லை! ஒரே வாடிக்கையாளரின் சரக்கைப் பையன் மூன்று பில்லாகப் போட்டிருந்தான். ஆய்வுலகிலும் இது நடக்கிறது. ஒரு கட்டுரையை மூன்றாகப் பிரிப்பது, தன்னைத் தானே மேற்கோள் காட்டிக்கொள்வது, "நீ என்னைச் சொல், நான் உன்னைச் சொல்கிறேன்" என்று கூட்டுச் சேர்வது. சீனாவில் பல பல்கலைக்கழகங்கள் கட்டுரைக்கு ரொக்கப் பரிசு கொடுத்துவந்தன. 2020-ல் அரசாங்கமே அதை நிறுத்தச் சொன்னது.

இனி, கூட்டு ஆய்வைப் பற்றிச் சில வார்த்தைகள். 1913-ல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914-ல் அங்கே போனார். இருவரும் சேர்ந்து 1918-ல் எண்களின் பிரிவினை பற்றி எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. ராமானுஜனிடம் ஊற்று இருந்தது. ஹார்டியிடம் நிரூபணத்தின் ஒழுங்கு இருந்தது. ஒருவர் இல்லாமல் மற்றவரால் அதை எழுதியிருக்க முடியாது. பால் ஏர்டோஷ் என்ற ஹங்கேரியக் கணித மேதை 500-க்கும் மேற்பட்டவர்களோடு சேர்ந்து எழுதியவர். பெட்டியோடு நண்பர் வீட்டுக்கு வந்து இறங்குவார், சேர்ந்து கணக்குப் போடுவார், அடுத்த ஊருக்குப் போய்விடுவார். ஏர்டோஷுக்குத் தாங்கள் எத்தனை கை தூரம் என்று கணித வல்லுநர்கள் இன்றும் எண்ணிப் பார்க்கிறார்கள்.

மற்றொரு பக்கமும் உண்டு. ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து 2015-ல் வெளியான ஒரு கட்டுரையில் ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். அத்தனை பேருடைய உழைப்பும் அதில் இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் ஒரு பெயரை மட்டும் பார்த்து அவருடைய பங்கு என்னவென்று சொல்ல முடியாது. அந்தத் துகள் இருக்கும் என்று 1964-லேயே எழுதியவர்களில் ஒருவரான பீட்டர் ஹிக்ஸ் அதற்குப் பிறகு எழுதிய கட்டுரைகள் மிகக் குறைவு. 2013-ல் நோபல் பரிசு பெற்றபோது, இன்றைய நிலையில் தனக்குப் பல்கலைக்கழக வேலையே கிடைத்திருக்காது என்று அவரே சொன்னார். ஆகவே பிள்ளைகளிடம் "எத்தனை பேரோடு எழுதினாய்?" என்று கேட்பதைவிட "அதில் நீ செய்தது என்ன?" என்று கேளுங்கள். பல இதழ்களும் இப்போது இதைத்தான் கேட்டு அச்சிடுகின்றன.

நம் சமூகத்துக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முகமது இப்ராஹிம், தகப்பனார் பெயர் அப்துல் காதர் என்று ஒரு பிள்ளை இருந்தால், ஒரு இதழ் அவனை "இப்ராஹிம், மு." என்று போடும். இன்னொன்று "காதர், மு. இ. அ." என்று போடும். மூன்றாவது "முகமது" என்பதையே குடும்பப் பெயராக்கிவிடும். அந்தப் பெயரில் உலகில் எத்தனை ஆயிரம் பேர்! ஒருவனுடைய உழைப்பு மூன்று பேர் கணக்கில் போய்விடும், வேறு யாருடையதோ இவன் கணக்கில் வந்துவிடும். என் தங்கையின் எண் 2 என்று காட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். அவளுடைய ஒரு கட்டுரை வாப்பாவின் பெயரில் தனியாகக் கிடந்தது. இதற்காகவே 2012 முதல் ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண்ணை இலவசமாகத் தருகிறார்கள். ஆய்வுக்குப் போகும் பிள்ளைகள் முதல் கட்டுரைக்கு முன்பே அதை வாங்கிவிடுங்கள். பெயரை எப்படி எழுதுவது என்று ஒரு தடவை முடிவு செய்து, கடைசிவரை அப்படியே எழுதுங்கள்.

இப்போது என் தவறு.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு நான் தங்கையைப் பார்க்கும்போதெல்லாம் "எத்தனை ஆச்சு?" என்று கேட்க ஆரம்பித்தேன். அந்த நேரத்தில் அவளுடைய கட்டுரை ஒன்றை இரண்டு நல்ல இதழ்கள் திருப்பி அனுப்பியிருந்தன. சோர்ந்துபோயிருந்தாள். ஒரு மின்னஞ்சல் வந்தது. "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, உங்கள் அரிய ஆய்வை ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம்." அவள் பேராசிரியரே இல்லை, மாணவி! அவள் தயங்கினாள். "காக்கா, இவ்வளவு சீக்கிரம் யாரும் போட மாட்டாங்க" என்றாள். நான்தான், "பணத்தைப் பத்தி நீ கவலைப்படாதே" என்று சொல்லி 900 வெள்ளி கட்டினேன். ஆறு நாளில் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

அவளுடைய மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு அதிர்ந்துபோனார். ஆசிரியர் குழுவில் பெயர் இருந்த ஒரு பேராசிரியருக்கு எழுதிக் கேட்டால், அவருக்கு அந்த இதழைப் பற்றி எதுவுமே தெரியாது. கட்டுரையைத் திரும்பக் கேட்டோம். அதற்கு இன்னொரு கட்டணம் கேட்டார்கள். ஒரு வருட உழைப்பு அங்கே மாட்டிக்கொண்டது. ஒரு இடத்தில் வெளிவந்ததை நல்ல இதழ் எதுவும் மறுபடி ஏற்காது. தன் தகவல் குறிப்பில் அந்தக் கட்டுரையை அவள் இன்றுவரை சேர்ப்பதில்லை. என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது. என் கடைக்கு வரும் மிளகைக் கையில் எடுத்துக் கடித்துப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. தங்கையின் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டினேன்.

கட்டணம் வாங்குகிற இதழெல்லாம் மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்று வெளியிடும் நல்ல இதழ்கள் பலவும் கட்டணம் வாங்குகின்றன. மூன்று கேள்விகள் போதும். இந்த இதழில் வந்த கட்டுரையை நீ படித்திருக்கிறாயா? உன் ஆசிரியருக்கு இந்த இதழைத் தெரியுமா? உன் பல்கலைக்கழக நூலகர் என்ன சொல்கிறார்? நூலகரிடம் கேட்க ஒரு காசு செலவில்லை.

தங்கை இரண்டு வருடம் கூடுதலாக உழைத்து வேறு கட்டுரை எழுதினாள். ஒரு நாள் மதியம் கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் அழைத்தாள். "காக்கா, பிரேசில்ல ஒரு குழு என் முறையை அப்படியே செஞ்சு பார்த்திருக்காங்க. சரியா வந்திருக்குன்னு எழுதியிருக்காங்க" என்றாள். ஒரே ஒரு மேற்கோள். அவளை அவர்கள் பார்த்ததில்லை, அவளுக்கு அவர்கள் எதுவும் கடன்பட்டதில்லை. அவளுடைய சரக்கை வாங்கிச் சோதித்து, நல்ல சரக்கு என்று பெயர் சொல்லியிருக்கிறார்கள். அன்று அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைப் பட்டம் வாங்கிய நாளில்கூட நான் கேட்டதில்லை. இப்போது அவளிடம் நான் எண் கேட்பதில்லை. "யார் பயன்படுத்தினாங்க, எதுக்குப் பயன்படுத்தினாங்க?" என்று கேட்கிறேன். அவளும் உட்கார்ந்து சொல்கிறாள்.

பெற்றோர்களே, எண்ணே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வேலைக்கும் மானியத்துக்கும் விண்ணப்பிக்கும்போது பல இடங்களில் அதைப் பார்க்கத்தான் செய்கிறார்கள். பிள்ளைகள் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆனால் உறவினர் வீட்டு விசேஷத்தில் ஒப்பிட்டுப் பேசும் சாமானாக அதை ஆக்காதீர்கள். அந்த அவசரத்தைத்தான் மோசடிக்காரர்கள் விலைக்கு வாங்குகிறார்கள்.

முடிக்கும் முன் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். 1887-ல் இந்தச் சிங்கப்பூரில் சி. கு. மகதூம் சாயபு அவர்கள் 'சிங்கை நேசன்' என்ற வார இதழை நடத்தினார்கள். இன்று நம் முன்னோரின் வாழ்க்கையை ஆராய்பவர்கள் அந்த இதழை மேற்கோள் காட்டுகிறார்கள். நமது பொன்விழா மலரும் நாளைக்கு ஒரு மாணவனுக்கு ஆதாரமாகலாம். ஆகவே புகைப்படத்தின் கீழே "சங்க உறுப்பினர்கள்" என்று மட்டும் போடாதீர்கள். இடமிருந்து வலம் யார் யார், எந்த ஆண்டு, எந்த இடம் என்று முழுப் பெயரோடு போடுங்கள். பெண்களின் பெயரையும் "திருமதி இன்னார்" என்று கணவர் பெயரில் மறைக்காமல் அவர்கள் பெயரிலேயே போடுங்கள். கட்டுரை எழுதியவர் தகவலை எங்கே எடுத்தார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். 50 ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அது.

விருது பெறும் பிள்ளைகளே, உங்களில் யாராவது ஆராய்ச்சிக்குப் போனால், நல்ல சரக்கைக் கொடுங்கள், பெயர் சொல்லி வருபவர்கள் தானாக வருவார்கள். கொஞ்சம் தாமதமாகலாம். அதுவரை உங்களைத் தாங்கிப் பிடிப்பது குடும்பத்தின் வேலை.